வலது பக்கத்து சீட்

விமானம் ஓட்டுகிறவர்கள் பொய்யே சொல்லமாட்டோம் என்று சொல்லமாட்டேன். வீட்டில் சொல்வோம். நண்பர்களிடம் நிறையவே அளப்போம். ஆனால் உயரம், வேகம், நேரம் மூன்றையும் உள்ளது உள்ளபடிதான் சொல்வோம். அதில் கூட்டிக் குறைத்தால் உயிர் போய்விடும். இதையும் அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இது நடந்தது. எனக்கு நடந்தது.

அப்போது நான் ஒரு பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநர். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். காலையிலிருந்து மாலை வரை ஒரே ஓடுபாதையைச் செக்குமாடு மாதிரி சுற்றிவருவோம். கூடப் படித்தவர்கள் பெரிய ஜெட்டில் துணை விமானியாக ஏறிவிட்டார்கள். என் விண்ணப்பங்களுக்குப் பதில்கூட வரவில்லை.

அந்த நேரத்தில்தான் இந்த வேலை வந்தது. ஒற்றை இன்ஜின் டர்போபிராப். முன்னால் ஒரே ஒரு புரொப்பெல்லர். பின்னால் பார்சல். இரவில் மருந்தும் தபாலும் ஏற்றிக்கொண்டு சின்ன ஊர்களுக்குப் போக வேண்டும். துணை விமானி கிடையாது. பயிற்சி முடிந்ததுமே நீதான் கேப்டன். அந்தப் பறக்கும் நேரம் கையில் சேர்ந்தால்தான் ஜெட் நிறுவனங்கள் நம்மைத் திரும்பிப் பார்க்கும்.

ஜெட்டில் இருந்த நண்பன் சிரித்தான். "ஒத்தை இன்ஜினா? பறக்குற மாட்டு வண்டிடா அது. ஒருதரம் ஏறிட்டா கடைசி வரைக்கும் பார்சல்காரன்தான்."

இன்னொருவன் நேர்மாறாகச் சொன்னான். "அவன் பேச்சைக் கேக்காதே. அவன் இன்னும் எட்டு வருஷம் யாரோ ஓட்டுறதை வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். நீ கேப்டன்டா."

என் மனைவி ஒரே வார்த்தைதான் சொன்னாள். வேண்டாம்.

"ரெண்டு கண்ணு, ரெண்டு காது, ரெண்டு கிட்னி. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னுதானே படைச்சிருக்கு? உங்களுக்கு மட்டும் எதுக்குங்க ஒரே இன்ஜின்?"

"இதயம் ஒண்ணுதானே? அது ஓடலையா?"

முறைத்தாள். வாதத்தில் ஜெயித்தது நான்தான். ஆனாலும் நீ சரி என்று சொல்லாமல் சேரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் உம்மென்று திரிந்தேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு மதியம், அவள் வேலை செய்யும் இடத்தில் மாடிப்படியில் விழுந்தாள். இதயம்தான். வயது இருபத்தேழு. இரவு எட்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

சில மாதங்கள் போயின. நிறுவனத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். இடம் இன்னும் இருக்கிறது, ஒரு இரவு கூடவே பறந்து பாருங்கள், மறுநாள் காலை பத்து மணிக்குள் முடிவைச் சொல்லுங்கள் என்றார்கள்.

போனேன்.

கேப்டன் ஒரு பெண். நாற்பதைத் தாண்டியவர். அங்கே சரக்கு ஏற்றுகிறவர் முதல் அலுவலகத்தில் இருப்பவர் வரை எல்லோருக்கும் அவர் அக்கா. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எண்ணெய் மூடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டார்ச்சை எடுத்தார்.

"சாப்டியா தம்பி?"

"ஆச்சுக்கா."

"நிறையவா? வாந்தி எடுத்தா நீதான் கழுவணும். இப்பவே சொல்லிட்டேன்."

சிரித்தேன். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

இடது பக்கம் அவர். வலது பக்கம் நான். ஏறும்போது ஏதோ சொன்னார். பின்னால் பெட்டிகளை இழுக்கிற சத்தத்தில் காதில் விழவில்லை. இன்ஜின் உறுமத் தொடங்கியது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். அவர் தன் காதைத் தொட்டுக் காட்டி, கையை அசைத்தார். கேட்கிறதா என்று கேட்கிறார்போல என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்தினேன்.

நள்ளிரவு 1:40. கிளம்பினோம்.

மேலே போனதும் உள்விளக்குகளை மங்கலாக்கினார். முன்னால் மீட்டர்களின் வெளிச்சம் மட்டும். அவர் முகத்தில் மோவாய் வரைதான் வெளிச்சம் பட்டது. வாயை மைக் மறைத்திருந்தது. கீழே ஒரு விளக்குகூட இல்லை. காடா, தண்ணீரா, தெரியவில்லை. இந்த இன்ஜின் நின்றால் எங்கே இறக்குவது என்று கண் தானாகத் தேடியது. ஒற்றை இன்ஜினில் பழகியவனுக்கு அந்தத் தேடல் நிற்காது. தேட இடமே இல்லாத இருட்டு அது.

க்ளிக்.

ஹெட்செட்டில் மைக் திறக்கும் சத்தம்.

"தூக்கமா?"

"இல்லக்கா."

"யோசனையா?"

"ஆமாக்கா. சேரலாமா வேண்டாமான்னுதான்."

"எது தடுக்குது?"

சொன்னேன். இதில் சேர்ந்தால் இரண்டு வருடத்தில் கேப்டனாகச் சேரும் நேரம், சேராவிட்டால் பயிற்சிப் பள்ளியில் எத்தனை வருடம், ஜெட் நிறுவனங்கள் ஒற்றை இன்ஜினை மதிக்குமா மதிக்காதா... எல்லாம் மனப்பாடமாக இருந்தது. ஒப்பித்தேன்.

பொறுமையாகக் கேட்டது அந்தக் குரல்.

"அதெல்லாம் சரி. எது தடுக்குது?"

அந்த இருட்டு ஒரு வசதி. முகம் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டே எதையும் பேசிவிடலாம்.

"வீட்ல வேண்டாம்னாங்கக்கா. இப்ப... அவ இல்லை."

"ம்."

"ஆஸ்பத்திரியில டாக்டர் வெளிய வந்து சொன்னார். சொல்லி முடிக்கல... எனக்கு ஒரு நெனப்பு வந்துதுக்கா. இனிமே வேண்டாம்னு சொல்ல ஆள் இல்லைன்னு. அழுகை அப்புறம்தான் வந்துது. முதல்ல வந்தது அதுதான்."

யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். நெஞ்சில் ஒரு லேசு.

க்ளிக்.

"தெரியும்."

எதற்குத் தெரியும் என்கிறார்? ஆறுதலாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்ல அவர் பக்கம் திரும்பினேன்.

அக்கா பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மைக் நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டிருந்தது.

இப்போதுதான் தூக்கியிருப்பார். அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உள்ளுக்குள் ஏதோ இடறியது. இந்த மாதிரி விமானத்தில் யார் பேசினாலும், மைக் திறந்ததும் குரலோடு இன்ஜின் இரைச்சலும் காதுக்குள் வரும். எல்லா விமானிக்கும் அது பழகிய விஷயம். இந்தக் குரலுக்குப் பின்னால் இரைச்சலே இல்லை. கதவைச் சாத்திய அறைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருந்தது.

இன்னொன்று. கிளம்பியதிலிருந்து எனக்கு ரேடியோ கேட்கவே இல்லை. தரையிலிருந்து வரும் பேச்சு எதுவும் இல்லை. என் பக்கம் ரேடியோவை அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மணி 2:35.

அக்கா மைக்கை இறக்கினார். பொத்தானை அழுத்தினார். தரையோடு பேசுகிறார். மைக்குக்குக் கீழே மோவாய் வேகமாக அசைந்தது.

என் காதில் அந்தப் பேச்சு இல்லை.

வேறொன்று இருந்தது.

மூச்சு.

நிதானமான மூச்சு. மிகப் பக்கத்தில்.

க்ளிக்.

"ஏங்க..."

கீழே இருந்தபோது அக்கா என்னை வா, போ என்றுதான் பேசினார். மேலே வந்த பிறகு என்னிடம் பேசியது அக்கா இல்லை.

ஹெட்செட்டைப் பிடுங்கினேன்.

இன்ஜின் இரைச்சல் மண்டையில் அறைந்தது. அக்கா திரும்பினார். புருவத்தை உயர்த்தினார். என்ன?

ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன்.

அவர் முன்னால் திரும்பிக்கொண்டார்.

மடியில் ஹெட்செட் கிடந்தது.

மாட்டியிருக்கக் கூடாது.

மாட்டினேன்.

அமைதி...

மூச்சும் இல்லை.

க்ளிக்.

"கழட்டாதீங்க."

அவள்தான்.

"அன்னிக்கு சாயங்காலம்... நீங்க வந்ததும்... சரின்னு சொல்லலாம்னுதான் இருந்தேன்."

க்ளிக்.

அவ்வளவுதான். அதன் பிறகு எதுவும் இல்லை. 3:20க்குச் சக்கரம் தரையைத் தொடும்வரை, காது வலிக்கிற அளவுக்கு அந்த ஹெட்செட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை.

இறங்கியதும் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"பரவால்ல தம்பி, வாந்தி எடுக்காம வந்துட்டியே."

"அக்கா... மேல நான் பேசினது உங்களுக்குக் கேட்டுதா?"

"என்னத்தைப் பேசின? நீ வாயே திறக்கலையே."

"பேசினேன்கா."

"இல்லப்பா. தூங்கிட்டியோன்னு ரெண்டு தரம் திரும்பிப் பாத்தேன். கண்ணை முழிச்சுக்கிட்டு பொம்மை மாதிரி உக்காந்திருந்த. உதடுகூட அசையல." என்னை உற்றுப் பார்த்தார். "பேசினாலும் எனக்கு எப்படிக் கேக்கும்? வலது சீட்டு மைக்தான் வேலை செய்யாதே. ஏறும்போதே சொன்னேன். காதைத் தொட்டும் காட்டினேன். நீயும் பெருசா கட்டைவிரலைத் தூக்கின."

நான் நம்பவில்லை. அங்கே நின்ற மெக்கானிக் ஏறி, வலது பக்கப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்தார். பேச்சை வாங்கி அனுப்பும் பெட்டி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஒயர்களின் முனையில் டேப் சுற்றியிருந்தது.

"புதுப் பெட்டி இன்னும் வரல சார்," என்றார். "உங்க ஹெட்செட் சத்தத்தை அடைக்கிறதுக்கு மட்டும்தான். காதுல பஞ்சு வெச்ச மாதிரி."

விடியும்வரை அந்த ஊர் விமான நிலையத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். தூக்கம் கெட்டதால் வந்த பிரமை என்று சொல்லிக்கொண்டேன். குற்ற உணர்ச்சி பேசவைத்தது என்று சொல்லிக்கொண்டேன். அவள் சரி என்று சொல்ல இருந்தாள் என்பதை நானே இட்டுக்கட்டிக்கொண்டேன், எனக்கு வேண்டியது அது, என்றும் சொல்லிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு அவள் அம்மாவுக்கு போன் செய்தேன்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் காலையில அவ உங்ககிட்ட பேசினாளா?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"பேசினாளா அத்தை?"

"நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே மாப்பிள்ளை... அவங்க அப்பாகிட்டகூட சொல்லல. உங்களுக்குத் தெரிஞ்சா இன்னும் தாங்கமாட்டீங்கன்னுதான்..." அழுதுவிட்டார். "சாயங்காலம் வந்ததும் சரின்னு சொல்லிடப் போறேம்மான்னா. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியுறார், பாக்கச் சகிக்கலைன்னு சிரிச்சா. ஆனா ஒருதரமாவது நானும் பக்கத்துல உக்காந்து போய்ப் பாக்கணும்னா."

போனை வைத்தேன். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு கணம், என் மனம் லேசானது. எந்தத் தடை நீங்கியதென்று லேசானதோ, அந்தத் தடையை அவள் காலையிலேயே எடுத்துவிட்டிருந்தாள்.

பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் பேசினேன். சேர்கிறேன் என்றேன்.

சேர்ந்தேன். பயிற்சி முடிந்ததும் அதே விமானத்தைத்தான் கொடுத்தார்கள். இப்போது இடது பக்கம் நான். வலது பக்கத்தில் புதுப் பெட்டி பொருத்திவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து இதுவரை ஒரு குரலும் வந்ததில்லை. எனக்கு ரேடியோ மட்டும் கேட்கிறது.

தனியாகப் பறப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. வலது சீட் காலியாக இருந்தால், கிளம்புவதற்கு முன் அதன் பெல்ட்டைப் பூட்டி இறுக்க வேண்டும். தளர்ந்து கிடந்தால் ஆட்டத்தில் நழுவிப்போய் ஸ்டீயரிங்கில் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு இரவும் என் கையால் பூட்டுகிறேன். இழுத்துப் பார்க்கிறேன். எந்தக் குலுக்கலிலும் தானாகத் திறக்கிற பூட்டு இல்லை அது.

சில இரவுகளில், இறங்கி இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அது கழன்று இரண்டு பக்கமும் ஒழுங்காக விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆள் எழுந்து போனால் இருப்பது போல.

இதை நான் உடனே எழுதித் தெரிவித்திருக்க வேண்டும். இந்த வேலையில் அதை மறைப்பது பெரிய தப்பு. மறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பார்சல் விமானத்துக்கு வலது சீட் தேவையில்லை. எழுதினால், அந்த சீட்டைக் கழற்றிவிடுவார்கள்.