பம்பைப் பூட்டிவிட்டு ஆராதனைக்குப் போன கதை

1. பதினேழு மிஸ்டு கால்

துபாய் அல் குசைஸில் நண்பர் வீட்டுச் சோபாவில், பிரியாணி மயக்கம் தெளிந்து எழுந்து போனைப் பார்த்தேன். பதினேழு மிஸ்டு கால். காலையில் ஆராதனைக்காக சைலண்டில் போட்டதை மாற்ற மறந்திருந்தேன். பதினேழும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. ராஸ் அல் கைமாவில் ஒரு கல் குவாரி கேம்ப்பின் இன்சார்ஜ், தஞ்சாவூர் பாலு. மணி இரண்டேகால் ஆகியிருந்தது. பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டேன். சிவப்பு வளையம் போட்ட சின்னச் சாவி ஒன்று தட்டுப்பட்டது.

அந்தச் சாவி என்ன என்று சொல்வதற்கு முன் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2. வீட்டோடு ஊழியம்

ருவைஸ் எண்ணெய் பிளாண்டில் முப்பது வருடம் மெயின்டெனன்ஸில் இருந்து, ஃபோர்மேனாக ரிட்டையர் ஆனவன் நான். மனைவி கிரேஸ் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். இருவருக்கும் நாசரேத் பக்கம்தான் சொந்த ஊர். ஊருக்குத் திரும்பி என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நாட்டை விட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவர் தன் கேரவனை விற்றார்; நான் வாங்கிவிட்டேன். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்ரூம், தண்ணீர் டேங்க் எல்லாம் உண்டு. "இந்த வயசுல இவ்வளவு பெரிய வண்டிய ஓட்டப் போறீகளா?" என்று கேட்டவள்தான், மறுநாள் அதற்கு ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருந்தாள்.

குளிர்காலம் முழுவதும் அதில் தொழிலாளர் கேம்ப் கேம்ப்பாகப் போவோம். கிழிந்த கவரால் உடுப்பு, போன ஜிப் எல்லாவற்றையும் அவள் தைப்பாள். பம்பு, ஃபேன், குழாய் என் இலாகா. சபை மூலமாகக் கம்பெனிகளிடம் அனுமதி வாங்கித்தான் போவோம். ஒரே நிபந்தனை, பிரசங்கம் கூடாது, துண்டுப் பிரதி கூடாது. கிரேஸ் அதற்குக் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "கர்த்தர் ஜிப் தைக்கத் தெரிஞ்சவளத்தான் அனுப்பியிருக்காரு. பிரசங்கம் பண்ணத் தெரிஞ்சவ வேணும்னா வேற ஆளப் பாத்திருப்பாரு" என்பாள்.

கேரவன் என்றால் நம் ஆட்களுக்கு சினிமாதான் ஞாபகம் வரும். எந்தக் கேம்ப்பில் போய் நின்றாலும், "ஹீரோ யாருண்ணே? உள்ள இருக்காரா?" என்று ஒருவன் கேட்பான். நான் இறங்கியதும் கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும்.

3. ஒரு மணி நேரம் காயட்டும்

அந்த ஞாயிறு விடிகாலையில் குவாரி கேம்ப்பில் பம்பு லைனைப் பிரித்திருந்தேன். கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் பம்பு அது. அதில் தண்ணீர் ஏறினால்தான் எண்பது பேர் குளிக்க முடியும். உடைந்த பிவிசி குழாயை வெட்டி, புதுத் துண்டு வைத்துப் பசை போட்டேன். வேலை தொடங்குமுன் பம்புக்கு வரும் கரண்டின் பிரேக்கரை ஆஃப் செய்து என் சிவப்புப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய டேகையும் மாட்டியிருந்தேன்.

இது பிளாண்ட் வழக்கம், லாக்கவுட் என்போம். ஒரு மிஷினில் வேலை செய்கிறவன் அதன் கரண்டைத் தன் சொந்தப் பூட்டால் பூட்டுவான். ஒரே சாவி, அதுவும் அவன் பாக்கெட்டில். பூட்டு தொங்கினால் உள்ளே ஒருவன் கை இருக்கிறது என்று அர்த்தம். மேனேஜரே வந்து நின்றாலும் அதை வெட்டக்கூடாது. இதை முப்பது வருடம் ஆயிரம் பேருக்காவது சொல்லிக்கொடுத்திருப்பேன். பாதிப் பேர் நின்றுகொண்டே தூங்குவார்கள்.

"பசை ஒரு மணி நேரம் காயட்டும் பாலு, அப்புறம் ஆன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தேன். அப்போது கிரேஸ் வண்டியிலிருந்து, "ஏங்க, ஆராதனைக்கு நேரமாச்சு! துபாய் போய்ச் சேர வேண்டாமா?" என்று கத்தினாள். டீ டம்ளரைக் கீழே வைத்தேன். வண்டியில் ஏறினேன். பூட்டு ஞாபகமே இல்லை. கர்த்தருடைய வேலைக்கு அவசரமாகப் போகிறேன் என்கிற நினைப்பு வேறு.

4. குறுக்கே நின்றவன்

பாலுவுக்குத் திருப்பிக் கூப்பிட்டேன்.

"சார், தண்ணி மாஃபி, சுத்தமா இல்ல! பத்து மணிக்கே மேல் டேங்க் கலாஸ், காலி. கீழ்த்தொட்டி மூடிக்கு கம்பெனி சீல் போட்டிருக்கு, அதைத் தொறந்து மொண்டு எடுக்கவும் முடியாது. டே டூட்டி ஆளுங்க மூணு மணிக்கு கல்லுத் தூளோட வந்து நிப்பாங்க. இதுல முத்தையாவோட பொண்ணுக்கு இன்னைக்கு நிச்சயதார்த்தம் சார். இங்கத்திய டயத்துக்கு நாலரைக்கு வீடியோ கால்ல அவன் உக்காரணும்."

முத்தையா எனக்குத் தெரிந்தவர்தான். சிவகங்கைப் பக்கத்துக்காரர், கல் உடைக்கும் கிரஷரில் வேலை. கல்யாணத்துக்கு லீவு வேண்டும் என்பதால் நிச்சயத்துக்குப் போகாமல் இருந்தார். காலையில் அவரிடம் பம்பைப் பற்றிப் பத்து கேள்வி கேட்டிருந்தேன். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"பூட்டை வெட்டிரு பாலு, நான்தான் சொல்றேன்" என்றேன்.

"கட்டர் கையிலதான் சார் இருக்கு. போன்ல கேட்டதெல்லாம் செல்லாதுன்னு இங்க உள்ள ஆளுங்க சொல்றாங்க. டேக்ல இருக்கிற ஆளே நேர்ல வரணுமாம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அது நான் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். கேரவனை எடுத்தேன். அது ஒட்டகம் மாதிரி, தன் வேகத்தில்தான் போகும். கிரேஸ் வழி முழுக்க ஜெபித்தாள். நடுநடுவே, "ஜெபத்துக்கு ஓடினவருக்கு ஒரு சாவி ஞாபகம் இல்ல" என்று என்னையும் கவனித்துக்கொண்டாள்.

போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஐந்து. பம்பு ஷெட்டுக்கு முன்னால் தலை முதல் கால் வரை வெள்ளையாகக் கல்லுத் தூளோடு முப்பது பேர் நின்றார்கள். கதவோரத்தில் முத்தையா. ஆத்திரத்தில் முகம் சிவந்து, கையில் கட்டரோடு பாலு.

"மத்தியானமே வெட்டியிருப்பேன் சார். லஞ்சுக்கு வந்த முத்தையாதான் குறுக்க நின்னு, நைட் டூட்டி ஆளுங்களையும் காவலுக்கு வெச்சுட்டுப் போனாரு. யாருக்குத் தண்ணி வேணுமோ அவரே தடுத்தா நான் என்னதான் பண்றது?"

"நான் ஊரை விட்டே போயாச்சுன்னு தெரியும்ல முத்தையா?" என்றேன்.

"நீங்க போயிட்டீங்க சார். யாரையாச்சும் லைன்ல விட்டுட்டுப் போனீங்களா, அந்தப் பசை காஞ்சிருச்சா, எங்களுக்கு என்ன தெரியும்? முந்தி இருந்த கம்பெனில எங்க ரூம்காரன் பூட்டை அவசரத்துல வெட்டிட்டாங்ய. அவனுக்கு ரெண்டு வெரல் போச்சு. எம்மக நிச்சயத்துக்காக இன்னொருத்தன் வெரலு போகணுமா?"

பசை போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, பூட்டைத் திறந்து பிரேக்கரைத் தூக்கினேன். பம்பு ஓடியது. ஆனால் மேல்தொட்டியில் ஏறி பாத்ரூம் குழாய்க்கு வர அரை மணிக்கு மேல் ஆகும். வீடியோ காலுக்கு இருந்தது இருபது நிமிஷம்.

"இந்தக் கோலத்துல சம்பந்தி முன்னால உக்கார மாட்டேன் சார். அவங்களே பேசி முடிச்சுக்கட்டும்" என்றார் முத்தையா.

கிரேஸ் கேரவன் கதவைத் திறந்தாள். "தம்பி, உள்ள டேங்க் நிறைய தண்ணி இருக்கு. போய்க் குளிங்க. சோப்பு மேல் தட்டுல இருக்கு. ஏங்க, உங்க வெள்ளைச் சட்டைய எடுங்க."

சினிமாக்காரன் வண்டியில் அன்றைக்கு ஒரு ஹீரோ குளித்தார். என் சட்டை அவருக்குத் தோளில் தொங்கியது. கிரேஸ் பின்பக்கம் நாலு குண்டூசி குத்தி முன்பக்கத்தைச் சரியாக்கினாள்.

5. நாலரை மணி

வண்டிக்குள் சிக்னல் இல்லை. அதனால் முத்தையா படியில் உட்கார்ந்தார். தூசியோடு இருந்த முப்பது பேரும் கேமராவில் விழாமல், இருமலை அடக்கிக்கொண்டு பக்கவாட்டில் நின்றார்கள். அங்கே தாம்பூலத் தட்டு மாற்றினார்கள். முத்தையா இங்கிருந்தே இரண்டு கையையும் நீட்டித் தட்டு வாங்குவதுபோல் பிடித்தார்.

"சம்பந்தி, பின்னாடி வண்டியெல்லாம் பெருசா இருக்கே!" என்றது போனில் ஒரு குரல்.

"என்னுது இல்லைங்க. இவங்க வண்டி. இங்க எனக்குப் பெரியவங்க இவங்கதான்" என்று எங்களை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"பெரியம்மா, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றாள் மணப்பெண்.

கிரேஸ் திருதிருவென்று பாலுவைப் பார்த்தாள். பிரசங்கம் கூடாது என்று கையெழுத்துப் போட்டவள் அல்லவா.

பாலு கட்டரைக் கீழே வைத்துவிட்டு, "ஆசீர்வாதத்துக்கு கம்பெனில ரூல் ஒண்ணும் இல்லக்கா" என்றார்.

"நல்லா இருப்பம்மா" என்றாள் கிரேஸ். வீடியோ கால் முடிந்த சிறிது நேரத்தில் பாத்ரூமில் குழாய் புஸ்ஸென்று சத்தம் போட்டது. முப்பது பேரும் "யல்லா, வாங்கடா!" என்று வாளியோடு ஓடினார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லார் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். முத்தையா ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "தப்பு உங்க மேலதான் சார். பூட்டு மேல இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

சேவை செய்யப் புறப்படும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கிளம்பும்போது பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள், அது சின்ன விஷயம். அன்று காலையில் அந்தப் பம்பு எத்தனை வருடப் பழசு, எத்தனை ஹார்ஸ் பவர், எப்போது கடைசியாக ரிப்பேர் ஆனது என்று எல்லாம் விசாரித்தேன். அந்தத் தண்ணீரில் குளிக்கப் போகிற மனுஷனைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. இப்போது எந்தக் கேம்ப்புக்குப் போனாலும் டூல் பாக்ஸைத் திறக்கும் முன், "இன்னைக்கு இங்க யாருக்காச்சும் விசேஷம் இருக்கா?" என்று கேட்கிறேன். இதுவரை ஒரு கேம்ப்பிலும் "இல்லை" என்ற பதில் வந்ததில்லை.