கூரைக்கு ஒரு ராஜா

பெங்களூரில் நான் வேலை பார்ப்பது ஓர் அரசாங்க மியூசியத்தில். கூரையிலிருந்து குண்டூசிவரை எதுவானாலும் டெல்லி மனசு வைத்தால்தான் உண்டு. காட்சிப் பொருள்களுக்கு லேபிள் எழுதுவது என் வேலை. எனக்கு வாயை அடக்கத் தெரியாது என்று அம்மா எங்கள் ஏரியா ஆஸ்டின் டவுன் முழுக்கப் புலம்பியிருக்கிறாள். டெல்லிக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

எங்கள் ஆயுதக் கூடத்தின் கூரை ஒழுகும். அதுவும் சரியாக ஒரு பழைய வாள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மேலேதான் ஒழுகும். இடம் மாற்றலாமென்றால் மற்ற அறைகள் இதைவிட மோசம். அந்த வாளின் லேபிளில், 'யாருடையது என்று தெரியவில்லை' என்று எழுதியிருந்தேன். எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

கூரைக்குப் பணம் தரலாமா என்று பார்க்க டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வந்த நேரம், ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள். எங்கள் ஆபீசில் பூஜை என்றால் கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம், குங்குமம்தான். ஜெராக்ஸ் மெஷின், தீயணைக்கும் சிலிண்டர், டைரக்டரின் ஸ்கூட்டர் எதுவும் தப்பாது. இந்தத் தடவை வாள் பெட்டியின் கண்ணாடிக்கும் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, "ஆயுத பூஜைக்கு ஆயுதத்த விட்டா எப்படி மேடம்?" என்றார் வாட்ச்மேன்.

அதிகாரி அந்தப் பெட்டி முன்னால் நின்று கைகூப்பினார். அப்புறம் லேபிளைப் படித்தார். முகம் சுருங்கிவிட்டது. "மக்கள் கும்பிடுகிற வாள் இது. கண்டிப்பாக ஒரு பெரிய ராஜாவுடையதுதான். பெயரைப் போடுங்கள். மந்திரியே கூடத்தைத் திறந்துவைக்க வருவார், கூரையும் வந்துவிடும்" என்று இந்தியில் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஜெராக்ஸ் மெஷினுக்கும் பொட்டு வச்சிருக்கு சார். அது எந்த ராஜாவோடது?" என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். டைரக்டர் என் காலை மிதித்தார்.

டைரக்டர் கன்னடக்காரர், தமிழர்கள் நிறைந்த அல்சூரில் வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். அதிகாரியை அனுப்பிவிட்டு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனம்மா, ஒரு ராஜா பேர எழுதினா உனக்கு என்ன கொறஞ்சுபோகுது? செத்தவரு வந்து கேஸா போடப்போறாரு?"

"நாளைக்கு அந்த ஜெராக்ஸ் மெஷினும் ராஜாவோடதுன்னு எழுதச் சொல்வாங்க. எழுதுவீங்களா சார்?"

"கூரை போட்டுக் குடுத்தா எழுதுவேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டைரக்டராக வந்த நாளிலிருந்து மனுஷன் அந்தக் கூரைக்காக நடையாய் நடக்கிறார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் லேபிளை மாற்றவில்லை.

அடுத்த வாரம் டெல்லியிலிருந்து போன். ராஜா பெயரைப் போட்டாகிவிட்டதா என்று அதே அதிகாரி கேட்டார். டைரக்டர் போனை என் கையில் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போட்டுடறேன் சார். எந்த ராஜான்னு எழுதி, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். சர்க்கார் உத்தியோகத்தில் வாயால் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள், கையெழுத்து என்றால் மட்டும் பேனா எழுதாது. கடிதம் வரவில்லை. கூரையும் வரவில்லை. டைரக்டர் ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த வருடம் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். டைரக்டர் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். ஸ்டூல் மேல் ஏறி, தன் குடையைப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சுற்றிப் பார்க்க வந்த ஓர் அம்மா கீழே நின்று அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"யார் கத்தி சார் இது, இப்படிக் கொடை புடிச்சிக்கினு நிக்கிறீங்க?"

போச்சு, இப்போது ஒரு ராஜா பெயரைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தெரியாதும்மா."

"யாருதுன்னே தெரியாததுக்கா?"

"ராஜாவோடதா இருந்தா சர்க்கார் பாத்துக்கும். இதுக்கு எங்கள விட்டா யாரும்மா இருக்காங்க?"

அவர் குடையை மறு கைக்கு மாற்றினார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குடையை வாங்கிக்கொண்டேன்.