அலை நுழையாத பெட்டி

படியேறித்தான் வருவார். வகுப்பு நாலாவது மாடியில். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பற்றி நின்று, மூச்சு அடங்கியபின் அடுத்த படியில் கால் வைப்பார். இத்தனைக்கும் அவர் லிஃப்ட் மெக்கானிக். “நீங்களே ஏறலைன்னா நாங்க எந்தத் தைரியத்துல ஏறுறது?” என்று யாராவது கிண்டல் செய்தால், “நல்லாத்தான் ஓடுது, ஏறுங்க. எனக்கு அதுக்குள்ள போன் எடுக்காது” என்பார்.

மின்காந்த அலைகள் பற்றிய மாலை வகுப்பு அது. நாங்கள் சான்றிதழுக்காகச் சேர்ந்தவர்கள். பதவி உயர்வுக்கு ஆகும். தலை நரைத்த அவருக்கு இனி எந்தப் பதவியும் வரப்போவதில்லை. முதல் பெஞ்சில் என் பக்கத்தில்தான் உட்காருவார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் வாசனை. பென்சிலைத் திருப்புளி போல இறுக்கிப் பிடித்து, உதட்டைக் குவித்துக்கொண்டு அலையை வரைவார். மேடும் பள்ளமும் ஒரே அளவில் வராவிட்டால் அழித்துவிட்டு மறுபடி வரைவார். கணக்குத்தான் அவரிடம் ஒட்டவே இல்லை. சமன்பாடு பலகையில் ஏறும்போதெல்லாம், “இது யார் வீட்டுக் கோலம்?” என்று என் காதில் கேட்பார்.

ஆனால் கேள்வி கேட்காமல் விடமாட்டார். “டீச்சர், கயித்த இந்த முனையில ஆட்டினா அந்த முனைக்குப் போகுது. சரி. இங்கதான் கயிறே இல்லையே, எது ஆடுது?”

டீச்சருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். பொறுமையாகச் சொன்னார். “மின்புலம் மாறும்போது காந்தப்புலம் பிறக்குது. அது மாறும்போது திரும்ப மின்புலம் பிறக்குது. ஒண்ண ஒண்ணு பிறப்பிச்சுக்கிட்டே முன்னால போகும். கயிறு வேண்டாம், காத்துகூட வேண்டாம்.”

“புருஷன் பொண்டாட்டி மாதிரின்னு சொல்லுங்க” என்றார். வகுப்பே சிரித்தது. அவர் பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வகுப்பில் சேர்ந்த காரணத்தை ஒரு நாள் படித் திருப்பத்தில் மூச்சு வாங்கியபடி சொன்னார். போன வருஷம் ஒரு பகல். எங்கோ ஓர் அலுவலகத்தில், லிஃப்டுக்குள் நின்று பட்டன் பலகையைக் கழற்றி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவிக்கு நெஞ்சுவலி. அவரைத்தான் அழைத்திருக்கிறாள், திரும்பத் திரும்ப. வேலை முடிந்து வெளியே வந்ததும் சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்தது. அவர் போய்ச் சேரும்போது பக்கத்து வீட்டார் வாசலில் கூடியிருந்தார்கள்.

“‘ஏம்பா எடுக்கல?’ன்னு என் பொண்ணு கேட்டா. சிக்னல் இல்லம்மான்னேன். ‘எல்லாரும் சொல்றதுதானே’ன்னுட்டா. அன்னைக்கிலிருந்து சாப்பாடு ரெடி, கதவ பூட்டுங்க, அவ்வளவுதான் பேச்சு. அவ அம்மா போன் ஏன் வரலைன்னு நானே முழுசா தெரிஞ்சுக்கிட்டு அவகிட்ட விளக்கமா சொல்லணும்.”

அந்தப் பாடம் நேற்று வந்தது. டீச்சர் தன் போனை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடிவிட்டு, அழைக்கச் சொன்னார். அழைத்தோம். சத்தமே இல்லை. உலோகம் அலையைத் தடுத்துவிடுகிறது என்றார். லிஃப்ட்காரர் பாதி எழுந்தேவிட்டார்.

“வரவே வராது, அப்படித்தானே டீச்சர்?”

“இறுக்கி மூடியிருந்தா வராது.” டீச்சர் மூடியைப் பாதி நகர்த்தினார். மறுபடி அழைத்தோம். மணி அடித்தது. “திறப்பு பெருசா இருந்தா நுழைஞ்சிடும். போனோட அலை ஏறக்குறைய ஒரு சாண் நீளம்.”

அவர் மெல்ல உட்கார்ந்தார். பெஞ்சின் மேல் கையை விரித்துச் சாண் வைத்துப் பார்த்தார்.

“லிஃப்ட் கதவு முழுசா திறந்திருந்தா?”

“வந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது.”

வகுப்பு முடிந்து இறங்கும்போது, இரண்டாம் மாடித் திருப்பத்தில், சுவரைப் பார்த்துச் சொன்னார்: “போற வர்றவங்க எல்லாம் எட்டிப் பார்த்து, எப்ப சரியாகும்னு நச்சரிச்சாங்க. நான்தான் கதவ சாத்தினேன்.”

மகளிடம் மூடிய டப்பாவோடு நிறுத்திக்கொண்டால் போதும், அவர் தேடி வந்தது அதுதான் என்று வாய்வரை வந்தது.

வெளியே மழை. பஸ் கிடைக்காது என்று மகளே ஸ்கூட்டரில் வந்து காத்திருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரிடம் ஹெல்மெட்டை நீட்டினாள். அதை வாங்கி மாட்டியவர், வண்டியில் ஏறவில்லை.

“பாப்பா, சிக்னல் இல்லாதது நிஜம்தான். ஆனா கதவ நான் சாத்தாம இருந்திருந்தா, அம்மா கூப்பிட்டது கேட்டிருக்கலாம்.”

மழை ஹெல்மெட்டின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. அவர் தாடைக்கடியில் வாரைத் தேடினார். கொக்கி மாட்டவில்லை. அவள் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கினாள். அவர் கையை விலக்கி, முகத்தருகே குனிந்து, தோல் சிக்காமல் ஒரு விரலை உள்ளே கொடுத்து, வாரை மாட்டிவிட்டாள்.