ஒரு பொதியும் அதன் இணைப்புகளும்

இன்று காலை வில்லியனூர் கடைத்தெருவில் என் ஸ்கூட்டரின் பின்சக்கரம் இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு போய் ஒரு கடையில் நிறுத்தினேன். “இன்னும் டியூப் வண்டியா சார்?” என்று கடைக்காரர் என்னையும் வண்டியையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்தார். இப்போது எல்லாம் டியூப்லெஸ். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தேடி எடுக்கவே அவருக்குக் கால்மணி நேரம் ஆனது. மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. அந்த நேரம் பார்த்து என் போனில் ஒரு மின்னஞ்சலும் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். வாசனைதான் முதலில் வந்தது, அதற்குத்தான் முன்னுரிமை.

பல வருடங்களுக்கு முன், பக்கிரி என்பவரின் சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை இருந்தது. ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் அங்கே கூடி, லினக்ஸ் என்கிற இலவசக் கணினி இயங்குதளத்தைப் பற்றிப் பேசுவோம். கீழேயிருந்து சொல்யூஷன் வாசனை மரப்படி ஏறி மேலே வரும். நான் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். மளிகைப் பட்டியலில்கூடக் குறை கண்டுபிடிக்கிறேன் என்று மனைவி என்னை வெளியே அனுப்பியிருந்தாள். முப்பது வருடத்துக்கு மேல் ஓர் அலுவலகத்தில் சான்றிதழ்ப் பிரிவில் இருந்தவன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், எல்லாம் ஒன்றுதான். விண்ணப்பத்தைப் பார்த்தவுடன் எந்த இணைப்பு இல்லை என்று சொல்லிவிடுவேன். பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன் என்று சொன்னவர்களும் உண்டு.

லினக்ஸில் ஒரு வசதி. வேண்டிய மென்பொருளின் பெயரைச் சொன்னால் போதும், பட்டியலிலிருந்து தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் அதை முறைப்படி ஒரு பொதியாகக் கட்ட வேண்டும். இது ஓடுவதற்கு வேறு எவையெவை தேவை என்று பொதியோடு எழுதித் தரவேண்டும். டிபெண்டன்சி என்பார்கள். நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த வேலை வேப்பங்காய். எனக்கோ முதல் நாளே புரிந்துவிட்டது. இது ‘இணைப்புகள்: கீழ்க்கண்டவாறு’தானே! நான் திருப்பி அனுப்பிப் பாவம் சேர்த்த அதே தொழிலுக்கு உலகம் முழுக்க இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போனேன்.

அந்த அறையில்தான் அமலாவைப் பார்த்தேன். மடுகரைக்காரி. வில்லியனூரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள்.

“சார், என்னிய ஞாபகம் இருக்குதா? குடியிருப்பு சர்ட்டிபிகேட்டுக்கு ரெண்டு வாட்டி திருப்பி அனுப்பினீங்களே.”

“எத்தனையோ பேர் வருவாங்கம்மா...”

“ஒங்களுக்கு எத்தனையோ பேரு. எனக்கு நீங்க ஒருத்தர்தான் சார்.”

அறையே சிரித்தது. ஓடுகிற ஒரே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய எழுத்துருவில் அடித்த தமிழைப் புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாக வாந்தி எடுத்தது போலிருக்குமே, அதைப் படிக்கும் தமிழாக்கும் ஒரு சின்ன நிரலை அமலா எழுதியிருந்தாள். பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் லினக்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தது. அவர்களிடம் பல வருடக் கேள்வித்தாள்கள் பழைய எழுத்துருவில் கிடந்தன. அவற்றை மாற்றும் வேலையை அமலாவுக்கே தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை: அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லாத மென்பொருளைத் தங்கள் கணினியில் ஏற்றமாட்டார்கள். என் மனதுக்குப் பிடித்த பள்ளி. ஆனால் பட்டியலின் அடுத்த பதிப்பை மூட இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. தவறினால் அடுத்த பதிப்புக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு ஜெராக்ஸ் கடை வந்து, அமலாவின் கடை ஈயோட்டிக்கொண்டிருந்த சமயம் அது.

“நான் பார்த்துக்கறேன்” என்றேன். பொதியைக் கட்டினேன், மூன்று முறை சரிபார்த்தேன், அனுப்பினேன். பரிசீலிப்பவர் ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர். மறுநாளே பதில் வந்தது, இரண்டே வரி: ‘இணைப்பு ஒன்று விடுபட்டுள்ளது. சரிசெய்து மீண்டும் அனுப்பவும்.’

என்னுடைய வாக்கியம்! முப்பது வருடம் நான் எழுதிய அதே வாக்கியம், இங்கிலீஷில்.

நடந்தது இதுதான். நிரலுக்கு ஒரு துணை நூலகம், அதாவது லைப்ரரி என்கிற இன்னொரு நிரல்தொகுப்பு, தேவை. அதை எப்போதோ என் கணினியில் கையால் ஏற்றிவிட்டு மறந்துவிட்டேன். அதனால் என்னிடம் ஓடியது. அவரோ எதுவுமே ஏற்றாத வெறும் கணினியில் கட்டிப் பார்த்திருக்கிறார்.

அமலா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஒங்களையே திருப்பி அனுப்பிட்டானா சார்!” சத்தம் கேட்டுப் பக்கிரி மேலே வந்தார். அவரிடமும் சொல்லித் தொலைத்தேன்.

“ஓட்ட இல்லன்னு நீங்க சொன்னா பத்துமா சார்? தண்ணி சொல்லணும்” என்றார், கையில் ஈர டியூபோடு.

சரி, நூலகத்தையும் தனிப் பொதியாகக் கட்டலாம் என்று உட்கார்ந்தேன். அதைச் சோதித்துக் கட்ட ஒரு சோதனைக் கருவி வேண்டும். அதுவும் பட்டியலில் இல்லை. கருவியைக் கட்டலாமென்றால், அதற்கு இந்த நூலகம் வேண்டும். அது வர இது, இது வர அது. நான்கு நாள் கோப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில், “வழி இல்லம்மா. விதி அப்படி” என்றேன்.

அமலா சிரிக்கவில்லை. “இதையேதான் சார் அன்னிக்கும் சொன்னீங்க. சர்ட்டிபிகேட்டுக்கு ரேஷன் கார்டு கேட்டீங்க. ரேஷன் கார்டுக்குப் போனா சர்ட்டிபிகேட் எங்கன்றான். நடுவுல நான் மடுகரைக்கும் வில்லியனூருக்கும் பஸ்சுல லோலோன்னு அலையறேன். மூணாவது வாட்டி இன்னா பண்ணீங்க?”

நினைவு வந்தது. ரேஷன் கார்டு இல்லாமலே ஒரு தற்காலிகச் சான்று தந்தேன். மூன்று மாதம் செல்லும். அதைக் காட்டி அவள் கார்டு வாங்கினாள். கார்டைக் காட்டி முழுச் சான்று வாங்கினாள். விதியில் அதற்கு இடம் அப்போதும் இருந்தது, முதல் முறையும் இருந்தது. நான்தான் தேடவில்லை. கருணை என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, அவள் நகர்வதாக இல்லை.

“அதே மாரி இதுக்கும் ஒரு டெம்பரவரி போடுங்க சார்.”

போட்டேன். சோதனை இல்லாமல் நூலகத்தை ஒருமுறை கட்டினேன். அதை வைத்துக் கருவியைக் கட்டினேன். கருவியை வைத்து நூலகத்தை முழுச் சோதனையோடு மறுபடி கட்டினேன். விதிப் புத்தகத்தில் இதற்கு ஒரு தனிப் பத்தியே இருந்தது. பொதிகளைக் கட்டி அனுப்பியபோது இரண்டு நாள் மிச்சம். குளிர் நாட்டுக்காரர் இந்த முறை ஒரே வரி எழுதினார்: ‘இணைப்புகள் சரியாக உள்ளன.’

பள்ளி வேலை அமலாவுக்கே வந்தது. கடை நிமிர்ந்தது. எனக்கு மடுகரையிலிருந்து ஒரு கட்டுக் கரும்பு வந்தது. கடிக்கப் பல் இல்லாத வயதில்.

அந்த அறை இப்போது பல் மருத்துவமனை. பக்கிரி கடையின் இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். மென்பொருள்களும் மாறிவிட்டன. தனக்கு வேண்டிய அத்தனையையும் தானே மூட்டை கட்டிக்கொண்டு, ஒரு கல்யாண வீட்டுக்கு ஆகும் கனத்தோடு வந்து இறங்குகின்றன. யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கேட்காத இடத்தில் திருப்பி அனுப்ப ஆள் எதற்கு?

அந்த மின்னஞ்சலைச் சொல்ல வேண்டுமே. அமலாவின் பொதியைப் பட்டியலிலிருந்து நீக்குகிறார்களாம். மாற்றுவதற்குப் பழைய எழுத்துரு எங்கும் மிச்சமில்லை, வேறு எந்தப் பொதியும் இதை நம்பி இல்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். அமலா இப்போது பிள்ளையார்குப்பத்தில் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆய்வேடு அச்சடித்துக் கொடுக்கிறாள். போன் செய்தேன்.

“வுடுங்க சார், அது வந்த வேலய முடிச்சிடுச்சி” என்றாள். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, “எதுக்கும் ஒரு வாட்டி நல்லாப் பாருங்க சார். எதுனா வுட்டுருக்கப் போறான்.”

பஞ்சர் ஒட்டி முடிக்கும்வரை கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். வரி வரியாகப் பார்த்தேன். விதி எண் இருந்தது. காரணம் இருந்தது. ஆட்சேபிக்கத் தந்த கெடு இருந்தது. இணைப்புகள் எல்லாம் சரியாக இருந்தன. திருப்பி அனுப்ப ஒன்றுமே கிடைக்கவில்லை.