ஆறிப்போன காபிக்கு மதிப்பெண்

தொண்ணூறுகளில் தி.நகரில் இருந்த எங்கள் சித்தப்பாவின் ஜவுளிக்கடையிலிருந்து இந்தோனேசியாவுக்கு லுங்கி போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து வரும் வியாபாரிகளோடு கையையும் காலையும் ஆட்டிப் பேசிப் பேசியே அவர்கள் மொழி எனக்குப் பாதி வந்துவிட்டது. கல்லூரி வாசலை மிதிக்காத என்னை, பேச வைத்துப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்து இந்தோனேசிய மொழி மாலை வகுப்பில் நேரே இரண்டாம் நிலையில் சேர்த்துக்கொண்டார்கள்.

என்னை மயக்கியது அவர்களுடைய பழமொழிகள்தான். குறைகுடம் கூத்தாடும் என்று நாம் சொல்வதை, காலிப் பீப்பாய்க்குச் சத்தம் அதிகம் என்பார்கள். நம்ம ஊர்க் கிழவி யாரோ கப்பலேறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

சித்தப்பாவுக்குப் பழமொழியெல்லாம் பொருட்டில்லை. "பாஸானா ஜகார்த்தாவுக்கு அனுப்புதேன். இல்லன்னா பழையபடி கத்திரியும் மீட்டர் கோலும்தாம்ல," என்று முடித்துவிட்டார். எனக்கோ விமானப் பொம்மையைக்கூடப் பக்கத்தில் பார்த்த அனுபவம் கிடையாது.

வாய்மொழித் தேர்வை அடையாற்றில் குடியிருந்த ஓர் இந்தோனேசிய அம்மாள் தன் வீட்டிலேயே வைத்தார். விருந்தாளியாகப் போய் நடந்துகொள்வதும் தேர்வில் சேர்த்தி. என்னோடு வந்தவர் மயிலாப்பூரில் பாட்டுச் சொல்லித்தரும் ஒரு மாமி. மகள் வாழ்க்கைப்பட்டுப் போன ஊரின் பாஷை என்று படித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆசிரியர் ஒரு விஷயத்தைத் தலையில் ஆணி அடித்து இறக்கியிருந்தார். அந்த ஊரில் காபியை முன்னால் வைத்ததும் எடுத்துவிடக் கூடாது. வீட்டுக்காரர் 'சிலாக்கான்', அதாவது 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்ன பிறகுதான் தொட வேண்டும்.

அம்மாள் டவரா டம்ளரில் நுரை பொங்க ஃபில்டர் காபி கொண்டுவந்து வைத்தார். உட்கார்ந்தார். குடும்பம், ஊர், மழை என்று கேட்டார். சொன்னோம். 'சிலாக்கான்' மட்டும் வரவில்லை. நுரை அடங்கியது. ஏடு படர்ந்தது. அம்மாள் எங்கள் டம்ளரைப் பார்ப்பதும், முகம் சுருங்குவதும், கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். என் கை தானாக நீண்டபோது மாமி முழங்கையால் இடித்தார்.

"சும்மா இரு. அவா சொல்லாம தொட்டா மார்க் போயிடும்."

கடைசியில் அம்மாளே தாங்காமல், காபி நன்றாக இல்லையா என்று அவர்கள் மொழியில் கேட்டார். நீங்கள் இன்னும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லையே என்றேன்.

அம்மாள் சோபாவில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார். சென்னைக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாராம். சொல்வார்கள் என்று இவர் காத்திருக்க, காபி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அந்த வீட்டம்மா அதை எடுத்துப்போய்விட்டு ஹார்லிக்ஸ் கொண்டுவந்தாராம். அதுவும் ஆற, மோர் வந்ததாம். இந்த ஊரில் வைத்தால் குடிப்பார்கள், குடிக்காவிட்டால்தான் மனஸ்தாபம் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டு, அதிலிருந்து யாருக்கும் 'சிலாக்கான்' சொல்வதையே விட்டுவிட்டாராம். எங்களைச் சென்னைக்காரர்களாக நினைத்து அவர் காத்திருக்க, அவரை ஜகார்த்தாக்காரராக நினைத்து நாங்கள் காத்திருந்தோம்.

மாமிக்கு வாய் திறந்துகொண்டது. மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் தடவை போய் அடை தின்னாமல் எழுந்து வந்ததால் மூண்ட சண்டையை, பாதி மொழியிலும் பாதி அபிநயத்திலுமாகச் சொன்னார். நான் கடைக்கு வரும் வியாபாரிகள் கதையை எடுத்துவிட்டேன். புதுக் காபி வந்தது, 'சிலாக்கா'னோடு. தேர்வு எப்போது ஆரம்பிக்கும் என்று நான் கேட்டதற்கு, அது முடிந்து நேரமாகிறது என்றார் அம்மாள்.

பொறுமைக்கு முழு மதிப்பெண். காபியைப் பற்றிக் கேட்காமல் உட்கார்ந்திருந்ததற்குக் கொஞ்சம் வெட்டு. கேட்க வெட்கப்பட்டால் வழி தவறும் என்று அவர்கள் பழமொழி ஒன்றைச் சொன்னார் அம்மாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நான் பதிலுக்குக் கொடுத்தேன். அவர் அதை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு பேரும் பாஸ். கடையில் போய் நடந்ததைச் சொன்னேன். காபி குடிக்காததற்கா மார்க்கு போடுகிறார்கள் என்று சித்தப்பாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. இருந்தாலும் சொன்ன சொல் மாறாதவர். டிராவல்ஸுக்கு போனைச் சுழற்றிக்கொண்டே, "எல, அங்க போயி பசிக்குன்னு முந்தி கைய நீட்டிராத," என்றார்.