முதலில் சாப்பாடு, பிறகு சரித்திரம்

செய்தி வந்தபோது நான் டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகக் காற்றோடு குடையும் கையுமாக யுத்தம் செய்துகொண்டிருந்தேன். தொலைபேசியில் அருளப்பு அண்ணையின் மகள் ஸ்டெலா. "மாமா, அப்பா போயிட்டார். காலமை எழும்பி, கோப்பி குடிச்சுக்கொண்டு இருந்தவர், அப்பிடியே..." என்றாள். பிடித்திருந்த குடையை விட்டுவிட்டேன். அது இந்நேரம் சுவீடனில் இறங்கியிருக்கும்.

நினைவு மலருக்கு எழுதச் சொன்னபோது அவள் ஒரு நிபந்தனையும் போட்டாள். "கோவிக்காதேங்கோ மாமா. நீங்கள் மீனிலை தொடங்கினா திமிங்கிலத்திலைதான் முடிப்பியள். அப்பாவை மலையாக்கிப் போடாதேங்கோ. அவருக்குப் பிடிக்காது." நியாயம்தான். ஆனால் மிகைப்படுத்தாமல் எழுதுவதென்பது எனக்குப் பட்டினி கிடப்பதுபோல. அண்ணைக்காக ஒருநாள் கிடக்கிறேன்.

மன்னாரில் பிறந்தவர். இளவயதில் கிழக்கு ஜேர்மனிக்குப் பொறியியல் படிக்கப் போய், சில காலம் அங்கேயே வாழ்ந்து, பிறகு டென்மார்க் வந்தார். ஓய்வுபெற்றதும் நகர நூலகத்தில் ஓர் அறை கேட்டு வாங்கி, சர்வாதிகார ஆட்சிகளின் கீழ் வாழ்ந்தவர்களை மாதம் ஒருமுறை கூட்டிக் கதைக்க வைத்தார். கதைத்ததை ஒலிப்பதிவு செய்து நூலகத்துக்கே கொடுத்தார். கதிரை அடுக்குவதும் கார் ஓட்டுவதும் என் பொறுப்பு. அதாவது அந்த வட்டத்தின் தளபாட அமைச்சும் போக்குவரத்து அமைச்சும் அடியேனிடமே இருந்தன.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. யாரும் கைதிலிருந்தோ சிறையிலிருந்தோ தொடங்கக் கூடாது. "அண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?" என்பதுதான் முதற்கேள்வி. மேசையில் அண்ணையே சுட்ட பிளம்ஸ் கேக் இருக்கும். "இதென்ன அண்ணை, விசாரணையா விருந்தா?" என்று சீண்டினேன்.

"எடேய், பயந்த கதையை எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சொல்லுவினம். சாப்பாட்டுக் கதையிலைதான் ஆள் தெரியும். எனக்கு ஆள் வேணும். முதலிலை சாப்பாடு, பிறகு சரித்திரம்" என்றார்.

ஒரு மாலை அண்ணையே பேசினார். கிழக்கு ஜேர்மனி மாணவர் விடுதியில் யார் தன்னைப் பற்றி உளவுப் பொலிசுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்று தெரியாமல், நண்பனோடுகூடக் குரலைத் தாழ்த்திப் பேசியதைச் சொன்னார். அதே விடுதியில் சனிக்கிழமைகளில் கால் நோக ஆடியதையும் சொன்னார். "நான் அங்கை சந்தோஷமாயும் இருந்தனான்" என்று முடித்தார்.

மிர்சா எழுந்தார். ருமேனியாவிலிருந்து வந்து, பக்கத்து ஊரான கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவர். ருமேனியாவிலும் கம்யூனிச ஆட்சிதான்; அவர் சிறுவனாக இருந்தபோது தகப்பனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவேயில்லை. "என் அப்பாவை விழுங்கியவர்களுக்கு நீ பாட்டுப் பாடுகிறாய்" என்று டெனிஷில் கத்திவிட்டு வெளியேறினார். இன்னும் சிலர் பின்னால் போனார்கள். கதிரைகளை அடுக்கியபோது, இனி இந்த அமைச்சுக்கு வேலையில்லை என்றே நினைத்தேன்.

"பயந்ததோடை நிப்பாட்டியிருக்கலாமே அண்ணை. டான்ஸ் கதையை ஏன் எடுத்தனீங்கள்?"

"பயத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தா, அடுத்தமுறை அது கேக்கும் பாட்டுமா வரேக்கை ஆருக்கடா அடையாளம் தெரியும்?"

அந்த ஞாயிறே என்னைக் கிரின்ஸ்டெட்டுக்குக் கார் ஓட்ட வைத்தார். பஸ்ஸை நம்பியிருந்தால் அடுத்த பிறவியில்தான் போய்ச் சேர்ந்திருப்போம். மிர்சா கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. அண்ணை கேக்கை நீட்டியபடி, மன்னார் வாசம் மாறாத தன் டெனிஷில், "நான் வாதாட வரேல்லை. அப்பாவோடை கடைசியா என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார். நான் கார்ச் சாவியைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

மிர்சா கேக்கைப் பார்த்தார். பிறகு, "அவரைக்கொட்டை சூப்" என்றார். "அம்மா உப்புப் போட மறந்துவிட்டார். அப்பா எழுந்து, கரண்டியை உயர்த்தி, வானொலியில் தலைவர் பேசுகிற குரலில், 'தோழர்களே, நமது நாடு உப்பையும் வென்றுவிட்டது!' என்றார். அம்மா ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடாமல் நாங்கள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தோம்." சொல்லும்போது அவருடைய கையும் கரண்டி பிடித்ததுபோல உயர்ந்திருந்தது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்பாவைப் பிடிக்க வந்து கதவைத் தட்டினார்களே, அந்தச் சத்தம் மட்டும்தான் இத்தனை வருடமும் என்னிடம் இருந்தது. அவர் இப்படிப்பட்ட மனிதர் என்பதே மறந்துவிட்டது."

அடுத்த மாதம் அவர் நூலகத்துக்கு வந்தார். அண்ணையின் சனிக்கிழமை ஆட்டத்தை அவர் மன்னிக்கவில்லை. இருவரும் கடைசிவரை சண்டை பிடித்தார்கள், ஒரே மேசையிலிருந்து, ஒரே கேக்கைத் தின்றுகொண்டு.

அடக்கம் முடிந்து தேவாலய மண்டபத்தில் எல்லோரும் அண்ணையை மகான் என்றும் ஞானி என்றும் உயர்த்திக்கொண்டிருந்தோம். என் குரல்தான் உரக்கக் கேட்டது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஸ்டெலா கல்லுப்போல உட்கார்ந்திருந்தாள். மிர்சா அவளருகே போய்க் குனிந்து, "அப்பா கடைசியாக என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

ஸ்டெலா அவருக்கு டெனிஷில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "முதல்நாள் ராத்திரி புட்டும் மீன்குழம்பும், மாமா. உறைப்புக் காணாதெண்டு அம்மாவை நக்கலடிச்சுக்கொண்டே ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டவர்" என்றாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

அண்ணையிடமிருந்து அந்த ஒரு கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். வரும் கூட்டத்துக்குக் கதிரை போடுவேன், கேக்கும் நானே சுடுவேன். அது நன்றாக வரும் என்று மட்டும் சொல்லமாட்டேன்.