பின்பக்கத்து இடது டயர்

அன்று காலை பின்பக்கத்து இடது டயரில் காற்று குறைந்திருந்ததை நான் பார்த்தேன். எங்கள் மலைக்கிராமமான கிளாவரையில், எங்கள் காட்டில் விளைந்த காரட்டைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம். மூட்டை ஏற ஏற அந்த டயர் மட்டும் பிதுங்கியது. காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். காற்றுப் பிடிக்கக் கொடைக்கானலில் நிற்க வேண்டும். கடை திறக்கும்வரை நின்றால் வத்தலக்குண்டில் ஏலம் முடிந்துவிடும்.

தன் தங்கை வீட்டுக்குப் போவதற்காக என் மனைவியும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பெருமாள்மலை தாண்டிய இறக்கத்தில், ஒரு வளைவில் டயர் வெடித்தது. வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் உரசி நின்றது. ஜன்னலுக்கு வெளியே இருந்த அவளுடைய கை வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கியது. அவள் கத்தவில்லை.

“என்னங்க, கை வர மாட்டேங்குது” என்றாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். டாக்டர் சொன்னபோது தலையாட்டினேன். பிறகு கீழே போய் இட்லி சாப்பிட்டேன். அழுகை வரும் என்று இருந்தேன், வரவில்லை. அந்தக் காரட் என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

புது டயர் மாட்டிய பஞ்சர் கடைக்காரர் பழையதை உருட்டிக் காட்டினார். “காத்து கம்மியா வச்சு லோடு அடிச்சா சூடேறி இப்பிடித்தாண்ணே கிழியும். வெள்ளனே, வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடியே அளந்து பாருங்க.”

காற்று அளக்கும் கேஜ் ஒன்று வாங்கினேன். அதிலிருந்து தினமும் விடிந்ததும் அளக்கிறேன், லோடு இல்லாத நாளிலும். முள் சரியான இடத்தில் நிற்கும். மனதில் ஒன்றும் தோன்றாது. அடுத்த டயருக்கு நகர்வேன்.

ஒரு நாள் அவள் டீ கொண்டுவந்து வண்டியருகே நின்றாள். நான் குனிந்தபடியே சொன்னேன்.

“அன்னைக்கு டயரு அமுங்கிக் கெடந்தத நான் பாத்தேன்.”

“நானுந்தான் பாத்தேன்” என்றாள். “வெரசா போகணும்னு நின்னீங்க. சொன்னா வைவீங்கன்னு பேசாம ஏறி உக்காந்துட்டேன்.”

வைதிருப்பேன். அது எனக்கும் தெரியும். டீயை வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தேன். அவள் பூண்டு காயவைக்கப் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் மலையிறங்கிக் கீழே போக வேண்டுமென்றால் அவள் பஸ்ஸில் போகிறாள். வண்டியில் வா என்று நான் கூப்பிடுவதில்லை.